ஸூனி நகைல முத்திரை இல்லேன்னா டூப்ளிகேட்டா?

பின்பக்கம் ஸ்டெர்லிங் முத்திரையோ (வெள்ளியோட தரம் காட்டுற குறி) செஞ்சவர் கையெழுத்தோ இல்லாத ஸூனி நகைய, அதாவது ஸூனிங்கற அமெரிக்கப் பழங்குடி ஆளுங்க வெள்ளில கல்லு பதிச்சு செய்யற நகைய, வாங்காதீங்கன்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, பழைய நகைக்கு இது சுத்தமா ஒத்து வராதுங்க. நியூ மெக்சிகோல ஸூனி ஆளுங்க 1970க்கு முன்னாடி செஞ்சதுல பாதிக்கு மேல பேரே இருக்காது, புருஷன் வெள்ளி வேலை பாக்க பொண்டாட்டி கல்லு அறுத்து பதிக்கன்னு வீட்டோட செஞ்சது, சி.ஜி. வாலஸ் மாதிரி வியாபாரிங்க மொத்தமா வாங்கி வித்தாங்க. அந்த வாலஸ் கலெக்‌ஷன் 1975ல ஏலம் போனப்புறம் லீக்யா, லியோ போப்லானோ மாதிரி ஸூனி கைவினைஞர் பேருக்கெல்லாம் மவுசு இன்னும் ஏறுச்சு. அதனால முத்திரைய விட வேலைப்பாட்ட பாருங்க. கல்லு பதிக்கறதுல ரெண்டு முறை இருக்கு: சேனல் இன்லேன்னா ஒவ்வொரு கல்லுக்கும் நடுவுல மெல்லிசா வெள்ளித் தகடு ஓடும், மொசைக்னா கல்லோட கல்லு நேரா ஒட்டி நிக்கும், லென்ஸ் வெச்சு பாத்தா நல்ல வேலைல இடுக்குல பசை பிதுங்கி இருக்காது. டர்க்காய்ஸ்ங்கற நீலப்பச்சைக் கல்லுல எல்லாத் துண்டும் ஒரே நீலமா, பெயிண்ட் அடிச்ச மாதிரி இருந்தா கல்லுப் பவுடர பிளாஸ்டிக்ல கலந்து பண்ண செயற்கைக் கட்டியா இருக்க சான்ஸ் ஜாஸ்தி. ஆனா கறுப்புக் கல்லு லேசா இருக்கேன்னு பிளாஸ்டிக்னு சொல்லிடாதீங்க, ஜெட்ங்கற நிலக்கரி மாதிரியான அசல் கறுப்புக் கல்லே லேசாத்தான் இருக்கும். பிலிப்பைன்ஸ்ல பண்ணி அமெரிக்கப் பழங்குடி நகைன்னு வித்த கேஸ் அமெரிக்காவுல கோர்ட் வரைக்கும் போச்சு, பழங்குடிக் கலைப்பொருள் பத்தின 1990 அமெரிக்கச் சட்டப்படி அது குற்றம். இன்னொண்ணு, விக்கிறதுக்கு முன்னாடி பளபளன்னு இருக்கட்டும்னு வெள்ளி கழுவுற திரவத்துல முக்கிடாதீங்க, டர்க்காய்ஸ் உறிஞ்சி நிறம் மாறிடும், வெள்ளில வருஷக்கணக்கா படிஞ்ச பழைய கறுப்பும் போயிடும், அந்தக் கறுப்புக்குத்தான் கலெக்டர் காசு குடுக்கறான்.