"மார்க்கெட்டிங் வேலை" என்று ஒரு வேலை கிடையாது

பி.காம்., பி.பி.ஏ. முடித்த பிள்ளைகள் அதிகம் கேட்கிற கேள்வி, "மார்க்கெட்டிங் லைனுக்குப் போகலாமா?" என்பது. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் தோளில் பை, வெயிலில் அலைச்சல், மாசக் கடைசியில் திட்டு. பிள்ளைக்கோ லேப்டாப்பும் இன்ஸ்டாகிராமும். இரண்டு பேரும் இரண்டு வேலையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். பேர் மட்டும் ஒன்று. இந்தக் குழப்பத்திலேயே யாரோ ஒருவரிடம் பணத்தைக் கட்டி மூன்று மாத டிஜிட்டல் கோர்ஸில் சேர்ந்தும் விடுகிறார்கள்.

பதவியின் பேரைப் பார்க்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. அந்த வேலையில் தினமும் எந்தக் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று பாருங்கள். அந்தக் கணக்கு உங்களுக்கு ருசித்தால் போங்கள். சலித்தால் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் ஒரு வருஷம் தாங்காது.

மார்க்கெட்டிங் என்றாலே விளம்பரம்தான் என்பவர்கள் கடலூரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைப் பிடித்தவர் அந்த ஊர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தனியாகச் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார். ஜனங்கள் பழகிய பிறகு, காலி பாக்கெட்டும் சிக்காகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார். இதில் பாக்கெட்டின் அளவு, விலை, கடைக்காரர் கை (அவர் எதை எடுத்து நீட்டுகிறார் என்பது) என்று மூன்று முடிவுகள் இருக்கின்றன. விளம்பரப் படம் எங்கேயும் இல்லை. இதுவும் மார்க்கெட்டிங்தான், சொல்லப்போனால் இதுதான் மார்க்கெட்டிங்.

அந்தக் கடைக்காரர் கை எப்படி வேலை செய்கிறது என்று தெரிய, சோப்பு, பிஸ்கட், மசாலா கம்பெனிகளின் விற்பனைப் பிரிவைப் போலப் பள்ளிக்கூடம் வேறு இல்லை. சேல்ஸ்மேன் ஒரு நாளைக்கு ஒரு பீட்டில், அதாவது அன்றைக்குச் சுற்ற வேண்டிய கடை வரிசையில், 35, 40 கடை ஏறுவார். அதில் எத்தனை கடையில் பில் விழுந்தது, ஒரு பில்லில் எத்தனை வகைச் சரக்கு என்பவைதான் அவர் நாளின் மார்க். 40 கடையில் 25 பில் விழுந்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சோப்புதான் இருக்கிறது என்றால் அது நல்ல நாள் இல்லை. அண்ணாச்சி கடையில் காலைக் கூட்டம் ஓய்வதற்கு முன் ஆர்டர் புத்தகத்தை நீட்டினால் "நாளைக்கு வாப்பா" என்ற பதில்தான் வரும். சரக்கு நல்லதா கெட்டதா என்பது அப்போது பேச்சே இல்லை.

நீங்கள் பட்டதாரியாகச் சேருவது பெரும்பாலும் அவருக்கு மேலே, நாலைந்து சேல்ஸ்மேன்களையும், கம்பெனியிடம் சரக்கு வாங்கிக் கடைகளுக்குப் போடும் சில ஸ்டாக்கிஸ்டுகளையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில். இங்கே புரிய வேண்டிய கணக்கு ஸ்டாக்கிஸ்டின் கணக்கு. ஒரு மாதிரிக்கு: மாதம் 20 லட்சத்துக்குச் சரக்கு, மார்ஜின் 5 சதவீதம் என்றால் கைக்கு ஒரு லட்சம். வண்டி, ஆள், குடோன் வாடகை என்று 60,000 போனால் மிச்சம் 40,000. அவர் போட்டிருக்கும் பணம்: 15 நாள் சரக்கு 10 லட்சம், கடைகளில் நிற்கும் கடன் 7 லட்சம், கம்பெனியிடமிருந்து திரும்பி வர வேண்டிய பணம் (கிளைம்) ஒரு லட்சம், ஆக 18 லட்சம். வருஷத்துக்கு 4.8 லட்சம் லாபம், சுமார் 27 சதவீதம். தொழிலை விடாமல் இருக்க அது போதும்.

இப்போது மாசக் கடைசியில் உங்கள் டார்கெட்டை முடிக்க அவர் தலையில் இன்னொரு 10 லட்சத்துக்குச் சரக்கை இறக்குகிறீர்கள். கம்பெனி கணக்கில் அது விற்பனை; கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்டுக்குப் போகும் இதற்குப் பிரைமரி என்று பேர். கடைக்குப் போகும் செகண்டரி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அந்தச் சரக்கு குடோனிலேயே நின்றுவிட்டால் அவர் போட்ட பணம் 28 லட்சமாகிறது, லாபம் அதே 4.8 லட்சம். 27 சதவீதம் 17 ஆகிவிட்டது, பேங்க் ஓவர்டிராஃப்ட் (ஓ.டி.) வட்டி இன்னும் கழிக்கவில்லை. இரண்டு மாசம் இப்படி நடந்தால் சரக்கை எக்ஸ்ட்ரா தள்ளுபடியில் மொத்தக் கடைக்குத் தள்ளுவார், உங்கள் ஊர் ரேட்டே கெட்டுப்போகும். மூன்றாவது மாசம் டீலர்ஷிப்பே வேண்டாம் என்பார். புது மேனேஜர்கள் விழும் குழி பெரும்பாலும் இதுதான். பேச்சுத் திறமையைவிட இந்த ஒரு பக்கக் கணக்கு தெரிந்தவர்தான் இந்த வேலையில் மேலே போகிறார். கொசுறாக ஒன்று: "12 வாங்கினால் 1 இலவசம்" என்பது 8.3 சதவீதத் தள்ளுபடி இல்லை. 13-க்கு 1, அதாவது 7.7.

மருந்துக் கம்பெனி ரெப் வேலைக்கு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டாக்டர், சில மெடிக்கல் ஷாப், ராத்திரி ரிப்போர்ட். டாக்டர் எதிரே கிடைப்பது ஓரிரு நிமிஷம். அதற்காக வராந்தாவில் ஒரு மணி நேரம். காத்திருக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஆகாது. 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த நடத்தை விதிகள் டாக்டர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுப்பதைத் தடுக்கின்றன. ஆகவே, நிஜமாகவே மருந்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவருக்கு மவுசு கூடவே செய்யும். மெடிக்கல் ஷாப்பில் எந்த டாக்டர் சீட்டு எந்த பிராண்டுக்கு வருகிறது என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், பின்னால் ஹெட் ஆபீஸில் பிராண்ட் வேலைக்கு அது பெரிய முதல்.

இனி எல்லோரும் கேட்கிற டிஜிட்டல். விளம்பரம் ஓடவிடப் பொத்தான் எங்கே என்று ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கூகுளின் ஸ்கில்ஷாப்பில் பாடமும் தேர்வும் இலவசம், சான்றிதழ் ஒரு வருஷம் செல்லும். கூகுள் அனலிட்டிக்ஸைப் பழக அவர்களே ஒரு டெமோ கணக்கு தருகிறார்கள், நிஜக் கடையின் டேட்டாவோடு. காசு கட்டிச் சேரும் கோர்ஸில் இதற்கு மேல் என்ன தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நிஜமான விளம்பரக் கணக்கில் நிஜப் பணத்தைச் செலவழிக்க விடுவார்களா? இல்லை என்றால் சேராதீர்கள்.

கணக்குக்கு வருவோம். ஆன்லைனில் புடவை விற்கும் சின்னக் கடை, ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. புடவை 1,000 ரூபாய்; கொள்முதல் 500, பேக்கிங்கும் கூரியரும் 100; ஒன்றுக்கு மிச்சம் 400. பத்தாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் ஓடி 50 ஆர்டர் வருகிறது. திரையில் விற்பனை 50,000, போட்ட பணத்துக்கு ஐந்து மடங்கு. விளம்பரத்தை ஓட்டும் ஏஜென்சி இதைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும். ஆனால் எல்லாம் கேஷ் ஆன் டெலிவரி, 15 பார்சல் திரும்பி வருகிறது என்று வையுங்கள். போய்ச் சேர்ந்த 35-க்கு மிச்சம் 14,000. திரும்பிய 15-க்குப் போக வரச் செலவு ஒன்றுக்கு 160 வீதம் 2,400. விளம்பரச் செலவு 18 சதவீத வரியோடு 11,800. கூட்டிக் கழித்தால் 200 ரூபாய் நஷ்டம். ஐந்து மடங்கு விற்று, கைக்காசு போட்ட கதை. இதைக் கடைக்காரருக்கு விளக்கி, ஆர்டர் வந்ததும் போன் போட்டு உறுதி செய்யவும், முன்பணம் கட்டுபவருக்குச் சின்னத் தள்ளுபடி கொடுக்கவும் சொல்லத் தெரிந்தவரை அந்தக் கடைக்காரர் விடமாட்டார்.

இன்னொரு இடமும் அடிக்கடி சறுக்குகிறது. மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரத்தில் ஒரு ஆட் செட், அதாவது ஒரே குறியோடு ஓடும் ஒரு விளம்பரத் தொகுப்பு, நிலைபெற, வாரத்துக்குச் சுமார் 50 ஆர்டராவது விழ வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஆர்டருக்கு 200 ரூபாய் என்றால் வாரத்துக்கே பத்தாயிரம் வேண்டும். விளம்பரம் கொடுக்கும் கடைக்காரரோ ஒரு நாளைக்கு 300 ரூபாய்தான் கொடுப்பார். அதையும் நீங்கள் நாலு ஆட் செட்டாகப் பிரித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும், யாருக்குக் காட்டினால் ஆர்டர் விழும் என்பதை மெட்டா திரும்ப முதலிலிருந்து கற்க ஆரம்பிக்கும். பணம் கம்மியென்றால் ஒரே ஆட் செட், ஒரு வாரம் கைவைக்காமல் விடுங்கள். அந்த 50 என்ற எண்ணிக்கையையும் ஆர்டரில் வைக்க வேண்டாம். வாட்ஸ்அப் விசாரிப்பு மாதிரி மலிவாகக் கிடைப்பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து நன்றாக வருபவர்கள் சென்னையின் மென்பொருள் கம்பெனிகளைக் கவனிக்கலாம். ஜோஹோவும், 2021-ல் நாஸ்டாக் ஏறிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் வளர்ந்த ஊர் இது. அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளரை இங்கிருந்தே பிடிக்கும் வேலை. போட்டி மென்பொருளோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதுவது, டெமோ கேட்டவர்களில் யார் தேறுவார் என்று சலித்தெடுப்பது என்று நாள் போகும். நல்ல ஆங்கிலம் வேண்டும், சில வேலைகளுக்கு ராத்திரி ஷிப்டும் உண்டு. இங்கே கணக்கு வேறு மாதிரி. சந்தா கட்டுபவர்களில் மாதம் 3 சதவீதம் பேர் விட்டுப் போனால் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக 33 மாதம் இருப்பார். மாதச் சந்தா 2,000 என்றால் அவரிடமிருந்து மொத்தமே 66,000 வரும். அவரைப் பிடிக்க 80,000 செலவழித்துவிட்டு "லீட் (விசாரித்தவர்கள்) நிறைய வந்தது" என்று மார்தட்டக் கூடாது.

சந்தை ஆய்வு, விளம்பர ஏஜென்சியில் மீடியா பிளானிங் இரண்டும் அமைதியானவர்களுக்கு. டி.வி. பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் வாராந்திர ரேட்டிங்கை வைத்து எந்தச் சேனலில் எத்தனை விளம்பர ஸ்பாட் என்று பிரிப்பவருக்கு எக்ஸெல்தான் வீடு. இந்த வேலைகளைத் தேடிப் போகிறவர்கள் குறைவு என்பது ஆச்சரியம்தான்.

எம்.பி.ஏ.? பெரிய கம்பெனியில் நேராக பிராண்ட் மேனேஜர் வரிசைக்குப் போக கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதிப் பெரிய கல்லூரி பிடிக்க வேண்டும். விளம்பரத் துறைக்கு அகமதாபாத்தில் மைகா (MICA) கல்லூரி உண்டு. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி ஏதாவது ஒரு கல்லூரி என்று போவதென்றால், அதற்கு முன் இரண்டு வருஷம் பீட் நடந்துவிட்டுப் போவதே மேல். வகுப்பில் சொல்வது அப்போதுதான் காதில் ஏறும்.

ஆபர் லெட்டர் வந்ததும் சில விஷயங்கள் பார்க்க வேண்டும். சேருவதற்கு டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். லெட்டர் கம்பெனி பேரிலா, ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சி பேரிலா, ஸ்டாக்கிஸ்ட் பேரிலா? சட்டை ஒன்றாக இருந்தாலும் பி.எஃப்., பிரமோஷன் எல்லாம் வேறு. டார்கெட் பிரைமரியிலா செகண்டரியிலா, சம்பளத்தில் இன்சென்டிவ் எவ்வளவு, பெட்ரோல் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய்? டிஜிட்டல் என்றால், மாத பட்ஜெட் எவ்வளவு, அதைக் கூட்டிக் குறைக்கும் அதிகாரம் யாருக்கு? அந்த ஏரியாவை உங்களுக்கு முன்னால் பார்த்தவர் ஏன் போனார் என்று கேட்டால் எச்.ஆர். சிரித்து மழுப்புவார். அந்த ஊர் ஸ்டாக்கிஸ்டைப் போய்ப் பாருங்கள். ஒரு டீ முடிவதற்குள், கிளைம் எத்தனை மாசமாக நிற்கிறது என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.