காசு மட்டும் போதுமா?
யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு உள்ளூராட்சி வட்டாரத்துக்கும் நிதி ஒதுக்கினாலே ஒழுங்கைகள் (சிறு தெருக்கள்) திருந்திவிடும் என்று இந்தக் கட்டுரை சொல்வதுதான் இடிக்கிறது. ஏதோ ஒரு திட்டக் காசில் எங்கள் ஒழுங்கைக்கும் கொங்கிறீற் போட்டார்கள், நல்ல வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதையை உயர்த்தியவர்கள் வெள்ளம் எந்தப் பக்கம் வடிகிறது என்று அங்கே இருக்கிற ஒருவரையும் கேட்கவில்லை. இப்போது கார்த்திகை மழை வந்தால் தண்ணீர் முழுக்க எங்கள் வளவுகளுக்குள்தான். யாழ்ப்பாணம் மட்டமான நிலம், வாய்க்கால் குளத்துக்கோ கடலுக்கோ போய்ச் சேராவிட்டால் வெள்ளம் அசையாது. கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர் காசை ஊர்மக்களே நடத்துகிற சனசமூக நிலையங்களிடமே கொடுக்கச் சொல்கிறார். சரி, கொடுக்கலாம், ஆனால் கணக்கை யார் பார்ப்பது? 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரை போய்க் கேட்பதற்கு ஒரு உறுப்பினர்கூட இருக்கவில்லையே. முதலில் வாய்க்கால் வரைபடத்தை நிலையச் சுவரில் ஒட்டட்டும், அப்புறம் கொங்கிறீற் போடலாம்.