இழுத்தா வராத பேனல்
குலசேகரத்து ரப்பர் கடை பில்லிங் ஸ்கிரீனா இருந்தாலும் சரி, நாகர்கோவில் ஆபீஸ் டாஷ்போர்டா இருந்தாலும் சரி, இழுத்து அகலம் மாத்துற பேனலோட (திரையில ஒதுக்கின ஒரு பகுதி) ஓரத்தைப் பிடிக்கவே முடியல. இழுக்கிற கோடு ஒரே ஒரு பிக்சல்! கண்ணுக்கு அது போதும், விரலுக்கு 24 பிக்சல் வேணும் மக்கா.

உள்ள மேப் ஐஃப்ரேம் (பக்கத்துக்குள்ள பதிச்ச இன்னொரு பக்கம்) இருந்துட்டா இன்னும் கொடுமை. மவுஸ் அதுக்குள்ள நுழைஞ்சதும் நகர்வு ஈவென்ட் எல்லாத்தையும் ஐஃப்ரேமே விழுங்கிரும். பட்டனை விட்ட பிறகும் பேனல் விடாம கூடவே வரும். அழுத்தினதும் வர்ற பாயிண்டர்டவுன் (pointerdown) ஈவென்ட்ல, நகர்வு எல்லாத்தையும் கைப்பிடிக்கே அனுப்புற செட்பாயிண்டர்கேப்சர்னு (setPointerCapture) ஒரு வரி, அவ்வளவுதான் வைத்தியம். அதைக்கூட எழுத மாட்டேங்கிறாங்க. கைப்பிடிக்கு டச்-ஆக்‌ஷன் நன் (touch-action: none, இங்க விரல் இழுப்பை ஸ்க்ரோலா எடுக்காதேன்னு பிரவுசருக்குச் சொல்ற CSS வரி) போடலைன்னா போன்ல பக்கம் ஸ்க்ரோலாகி, இழுப்பு பாதியிலேயே அறுந்துரும். ஃப்ளெக்ஸ் (பகுதிகளை வரிசையா அடுக்குற CSS முறை) உள்ள பேனல் சுருங்க மறுத்தா, குறைஞ்சபட்ச அகலத்தை min-width: 0-ன்னு போடணும்.

சேமிச்ச அகலத்தைத் திரையோட ஒப்பிடாம அப்படியே திருப்பிப் போடுறதுதான் மன்னிக்கவே முடியாதது. பெரிய மானிட்டர்ல வச்ச 1400 பிக்சல் பேனல், 1366 பிக்சல் அகல லேப்டாப்ல மூடுற பொத்தானோட வெளியே போயிருது!