வெட்டியும் மைனரும்

"இவர் ஜமீன் பரம்பரை" என்று யாரையாவது அறிமுகப்படுத்தினால் இன்றைக்கும் நம் முதுகு லேசாக வளைகிறது. "இவங்க தாத்தா பண்ணையாள்" என்று யாரும் பெருமையாக அறிமுகம் செய்து நான் கேட்டதில்லை.

மேடையில் 'நிலப்பிரபுத்துவம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது யாரையும் உறுத்தாத புத்தகச் சொல். களத்துமேட்டில் புழங்கிய சொற்களைக் கேட்டால்தான் யார் எதை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று தெரியும். அரசுக்கோ ஜமீனுக்கோ போனது மேல்வாரம். உழுத குடிக்கு மிஞ்சியது குடிவாரம். தொண்டைமண்டலத்தில் பரம்பரை நில உரிமை கொண்ட மிராசுதாருக்கு அதிலும் துண்டுவாரம், சாமிபோகம் என்று தனி வரும்படி. களத்து நெல்லில் பரம்பரைப் பாத்தியமாக எடுத்துக்கொள்ளும் பங்குக்குப் பெயர் 'சுதந்திரம்'. ஆமாம், அதே சுதந்திரம்தான்!

சினிமா பார்த்து ஜமீன்தாரையும் மிராசுதாரையும் ஒன்றாக்கிவிட்டோம். ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் எல்லாம் ஜமீன்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பேஷ்குஷ் என்ற கப்பத்தைக் கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டவை. தஞ்சாவூர் மிராசுதார் ரயத்துவாரி பட்டாதாரர்; அதாவது இடையில் ஜமீன் இல்லாமல் அரசுக்கே நேரடியாக வரி கட்டிய நிலக்காரர். அதனால்தான் 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது கீழத்தஞ்சை ஆண்டைகளுக்கு ஒரு கீறலும் விழவில்லை. அங்கே சவுக்கடியையும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனையையும் எதிர்த்து நின்றது கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல். அதற்குப் பிறகும், 1968-இல், கூடுதல் நெல் கூலி கேட்டுப் போராடிய வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள்.

வசவுச் சொற்களையும் பாருங்கள். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. இன்று வேலைவெட்டி இல்லாதவன்தான் வெட்டிப்பய. ஜமீன் வாரிசு வயதுக்கு வராத பிள்ளையாக இருந்தால், எஸ்டேட்டை கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பு அன்று நிர்வகித்தது; பிள்ளை சட்டப்படி மைனர். அந்த மைனருக்கோ செயின் போட்டு, ஜிப்பா மாட்டி, மல்லுக்கட்டாமல் வாழத் தெரிந்தவன் என்று பட்டம் கட்டிவிட்டோம். ஓசியில் உழைத்தவன் பெயர் திட்டாகவும், ஓசியில் தின்றவன் பெயர் ஒய்யாரமாகவும் ஆனது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பரம்பரைப் பெருமை பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இனி யாராவது "எங்க தாத்தாவுக்கு அம்பது வேலி நிலம்" என்று பதிவு போட்டால், அதில் எத்தனை பண்ணையாள், அவர்களுக்கு எத்தனை மரக்கால் நெல் அளந்தீர்கள் என்று கீழே போய்க் கேட்கப்போகிறேன். நட்பிலிருந்து நீக்கினால் நீக்கட்டும்.