ஈயச்சொம்பு ஈயம் வேறு, பெல்லட் ஈயம் வேறு

போன ஞாயிறு காலை துப்பாக்கி சுடும் பயிற்சி ரேஞ்சில் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. ஏர் பிஸ்டலில் நாற்பது ஷாட் முடித்துவிட்டு, அம்மா வாங்கி வந்த தேங்காய் பன்னைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பென்சில் தூளைத் தேய்த்த மாதிரி சாம்பல் நிறம். பன்னின் ஓரத்தில் அந்த விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. "கண்ணு, கையக் கழுவிட்டு வந்து சாப்பிடு சாமி" என்றேன். எழுந்து போனான். பக்கத்தில் இருந்த பெரியவர்தான், "ஏனுங்க, நாமெல்லாம் ஈயச்சொம்புல ரசம் வெச்சுச் சாப்பிட்டு வளர்ந்தவங்க, ஒண்ணும் ஆகலீங்களே" என்றார்.

அவர் மேல் கோபம் இல்லை. பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரசம் வைக்கிற சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம், அதாவது டின். ஏர் பிஸ்டலில் போட்டுச் சுடும் சின்னக் குண்டான பெல்லட் காரீயம், அதாவது லெட். அந்தப் பையன் விரலில் இருந்த சாம்பல் நிறம் அதுதான். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயத்துக்கு 327 வேண்டும். உடம்புக்குள் போனால் இரண்டும் செய்கிற வேலையும் வேறு. காரீயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும். போய்ச் சேருவது மூளையிலும் எலும்பிலும். பெட்ரோலில் இருந்த காரீயத்தை 2000-லேயே நாடு முழுக்க எடுத்துவிட்டோம். ரேஞ்சில் மட்டும் அதே பிள்ளைகள் கையில் அள்ளிக் கொடுக்கிறோம்.

டெக்சாஸில் இருக்கிற என் பெரியப்பா மகன் வார இறுதியில் வீட்டு கராஜில் 9 எம்எம் பிஸ்டலுக்கு ரீலோடிங் செய்கிறார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துத் திரும்பப் பயன்படுத்துவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. நம் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கவே உரிமம் வேண்டும். அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் அண்ணனிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர் வாங்குவது கோட்டிங் போட்ட புல்லட். வார்த்த காரீயத்தின் மேல் பாலிமர் பூசி, அடுப்பில் வேகவைத்துக் கெட்டியாக்கியது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மிட்டாய் மாதிரி இருக்கும். கோவை கணபதி பக்கம் பட்டறைகளில் பவுடர் கோட்டிங் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பூச்சு இருப்பதால் காரீயம் பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில், ஒட்டாது, பழைய குண்டுகளில் தடவும் மெழுகின் புகையும் இல்லை, கையிலும் கரி ஏறாது. இத்தனைக்கும் அவர் கையுறை போடாமல் எதையும் தொடுவதில்லை. தோட்டாவின் அடியில் நெருப்பு மூட்டும் ப்ரைமரிலேயே காரீய உப்பு இருக்கிறது, சுட்ட கூட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தத் தூள்தான் பறக்கும் என்பார். அதனால் கூட்டைத் தண்ணீர் விட்டே கழுவுகிறார். மேசைப் பக்கம் காபி டம்ளர்கூட வராது.

நம் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெடிமருந்தும் இல்லை, ப்ரைமரும் இல்லை. அழுத்திய காற்றுதான். பெரும்பாலான பெல்லட்டில் பூச்சும் இல்லை, வெறும் காரீயம். போட்டியில் 60 ஷாட் என்றால் அறுபது முறை விரலால் எடுத்து வைக்கிறோம். பயிற்சியில் இன்னும் அதிகம். சில பிள்ளைகள் அடுத்த பெல்லட்டை உதட்டில் கவ்வி வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், வயிறு பதறுகிறது. அந்தப் பக்கம் பெல்லட் இரும்புத் தகட்டில் மோதி நசுங்கும் இடத்தில் தூள் உதிர்கிறது. நான் முன்பு போன ஒரு ரேஞ்சில் அதைத் தென்னை விளக்கமாறால் கூட்டுவார்கள், ஏசி ஓட, கதவு சாத்தியபடி. ஏசி குளிர்ச்சிதான் தரும், தூளை வெளியே தள்ளாது. ஈரத்துணி போட்டுத் துடைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். வாஷ்பேசினும் ஒன்றுதான், சோப்பு கிடையாது, சானிடைசர் பாட்டில் மட்டும் இருந்தது. சானிடைசர் கிருமியைக் கொல்லும், காரீயத்தை எடுக்காது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

2024 பாரிஸில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கிய பிறகு கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோரைப் பார்க்கையில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிஸ்டல் வாங்க ஒன்றரை லட்சம் யோசிக்காமல் எடுத்து வைக்கிறோமே, பத்து ரூபாய் சோப்பை ஏன் கேட்டு வாங்கக் கூடாது? சேர்க்கும் முதல் நாளே கேளுங்கள்: தூளை எப்படித் துடைக்கிறீர்கள், காற்று எங்கே வெளியே போகிறது, கை கழுவும் இடம் எங்கே? வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

காரீயம் இல்லாத பெல்லட்டும் வருகிறது. அதில் பல எதால் செய்தவை தெரியுமா? வெள்ளீயத்தால். அப்புச்சி வீட்டு ரசச் சொம்பு உலோகமேதான்! விலை கூடுதல், எடை குறைவு, எல்லா பேரலுக்கும் ஒத்துவரும் என்றும் சொல்ல முடியாது. என் பிஸ்டலில் குரூப், அதாவது இலக்கில் குண்டுகள் விழும் வட்டம், கொஞ்சம் விரிகிறது, மறைக்கவில்லை. பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அந்தப் பையனிடம் இருபது கொடுத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்லப் போகிறேன், பெரியவரிடமும் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும்.