உச்ச ரேட்டிங் என்னும் மிதப்பு

ரேட்டிங், அதாவது கடனைத் திருப்பும் திறனுக்குத் தரப்படும் மதிப்பீடு, குறைந்தால் கம்பெனிகள் படும் பாட்டைப் பற்றித்தான் வணிகப் பக்கங்களில் படிக்கிறோம். என் கவலை வேறு. ரேட்டிங் உச்சத்தில் இருக்கும்போதுதான் கம்பெனிகள் மிக மோசமான கடன் முடிவுகளை எடுக்கின்றன.

ட்ரிபிள் ஏ (AAA) என்ற உச்ச ரேட்டிங் பெற்ற கம்பெனிக்கு ஒரு வங்கி 100 கோடி ரூபாய் கடன் கொடுத்தால், ரிசர்வ் வங்கியின் பேசல் விதிப்படி (வங்கிகளின் மூலதனம் பற்றிய சர்வதேச விதிகள்) அதில் 20 கோடி மட்டுமே ஆபத்துள்ளதாகக் கணக்கில் வரும். இழப்பைத் தாங்க வங்கி தன் சொந்த மூலதனத்திலிருந்து அதற்கு 9 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அது 1.8 கோடி. அதே 100 கோடி, பல படி கீழே உள்ள ட்ரிபிள் பி (BBB) கம்பெனிக்குப் போனால் முழுத் தொகையும் கணக்கில் வந்து 9 கோடி ஒதுக்க வேண்டும். வங்கிகள் யார் வாசலில் வரிசை கட்டும் என்று சொல்லவும் வேண்டுமா? இவ்வளவுக்குப் பிறகும் ரேட்டிங் என்பது 'வெறும் கருத்து' என்கின்றன ரேட்டிங் தரும் மதிப்பீட்டு நிறுவனங்கள்!

ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்தின் கதை இதற்குச் சரியான சாட்சி. ஜம்முவில் செனானி - நாஷ்ரி சுரங்கச் சாலை, நம் பரங்கிப்பேட்டையில் அனல்மின் நிலையம் என்று அந்தக் குழுமம் கைவைத்தவை எல்லாம் போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் பிடிக்கும் வேலைகள். வாங்கிய கடனில் பெரும்பகுதியோ சில மாதங்களிலும் சில ஆண்டுகளிலும் திருப்ப வேண்டியது. குறுகிய காலக் கடனுக்கு வட்டி குறைவு. பழைய கடன் பத்திரம் முதிர்ந்தால் புதியதை விற்று அடைத்துக்கொள்ளலாம், ட்ரிபிள் ஏ இருக்கும்வரை வாங்க ஆள் உண்டு என்ற தெம்பு. எல்.ஐ.சி.யும் ஸ்டேட் வங்கியும் பங்குதாரர்கள் என்பதில் மதிப்பீட்டாளர்களுக்கும் அதே தெம்பு. போதாததற்கு, மதிப்பிடுவதற்கான கட்டணத்தைக் கொடுப்பதும் கடன் வாங்கும் கம்பெனியேதான்.

2018 ஜூலையில் அதன் ரேட்டிங் ட்ரிபிள் ஏ. செப்டம்பர் நடுவில் 'டி', அதாவது கடனைக் கட்டத் தவறிய நிலை. மொத்தக் கடன் சுமார் 91,000 கோடி ரூபாய். மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி முதலில் விதித்த அபராதம் தலா 25 லட்சம். பிறகு அதைத் தலா ஒரு கோடியாக உயர்த்தியது.

உச்ச ரேட்டிங்கை இழப்பது ஒன்றும் உலகம் அழிகிற காரியம் அல்ல. 2009இல் வையெத் என்ற மருந்து நிறுவனத்தை வாங்கியபோது அமெரிக்க மருந்து நிறுவனமான ஃபைசர், எஸ் அண்ட் பி என்ற மதிப்பீட்டு நிறுவனம் தந்திருந்த ட்ரிபிள் ஏவை இழந்தது. தொழிலுக்கு எது தேவை என்று பார்த்தார்கள், வாங்கினார்கள். தொழில் முதலில், ரேட்டிங் பிறகு; அது சரியான வரிசை.

கடன் பத்திரத்தில் பணம் போடுகிறவர்கள், மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் போடுகிறவர்களும்தான், அந்த மூன்று எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த 12 மாதங்களில் அந்தக் கம்பெனி திருப்ப வேண்டிய கடன் எவ்வளவு, கடந்த ஆண்டு தொழிலில் இருந்து அதன் கைக்கு வந்த பணம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் ஆண்டறிக்கையில் தேடினால் கிடைக்கும்.