மிஷ்கின் நகரை கேத்தரின் உருவாக்கவில்லை

ரஷ்யாவில் வோல்கா ஆற்றின் கரையிலுள்ள மிஷ்கின் நகரை பேரரசி இரண்டாம் கேத்தரின் 1777-இல் உருவாக்கினார், அன்றிலிருந்து அது நகரமாகவே நீடிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. அது முன்பே இருந்த கிராமம்; அந்த ஆண்டு கிடைத்தது நகர அந்தஸ்துதான். காரணம் 1775-ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம். ஒரு மாகாணத்துக்கு 3 முதல் 4 லட்சம் பேர், அதன்கீழ் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 20,000 முதல் 30,000 பேர் என்று அது அளவு வைத்தது. அதுவும் வரிக் கணக்கில் ஏறிய ஆண்கள் மட்டும். மொத்த மக்கள்தொகை என்று படித்தால் கணக்கே பிசகும். புதிதாக வரைந்த மாவட்டத்தில் நகரமே இல்லையென்றால் நீதிமன்றத்தையும் கருவூலத்தையும் எங்கே வைப்பது? அதனால்தான் ரஷ்யாவில் அப்போது பல கிராமங்கள் நகரமாக்கப்பட்டன. மிஷ்கின் அந்த அந்தஸ்தை 1927-இல் இழந்தது; திரும்பக் கிடைத்தது 1991-இல்தான். "நீடிக்கிறது" என்பதையும் தயவுசெய்து திருத்துங்கள்.